ஏஜென்ட் கையில் அழிக்கும் கருவியைக் கொடுக்குமுன்: விளக்கக் குறிப்பு எழுதும் முறை

கோத்தகிரியில் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. சுற்றுவட்டாரத்து டீ ஃபேக்டரிகளுக்கு இலைக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். சிறு விவசாயி பறித்த பச்சை இலை ஃபேக்டரிக்கு வந்து, எடை போட்டு, ஈரத்துக்கும் முற்றலுக்கும் கழிவு போக ஒரு சீட்டாகும். அந்தச் சீட்டு டேட்டாபேஸில் ஒரு வரி. மாதக் கடைசியில் அந்த வரிகளைக் கூட்டித்தான் அவர் கைக்குப் பணம் போகும்.

இந்த டேட்டாபேஸில் சேர்ந்த குப்பையைக் கூட்டிப் பெருக்க ஒரு ஏஐ ஏஜென்ட்டை இணைத்தோம். பதிவுகளை நீக்கும் கருவியை நான்தான் எழுதினேன். அதற்கு நான் எழுதிய விளக்கக் குறிப்பு முழுவதும் இவ்வளவுதான்: "தேவையற்ற பதிவுகளை நீக்கும்."

மூன்றாம் நாள் ஃபேக்டரிக் கணக்கர் போன் செய்தார். "தம்பி, போஜன்னு நம்ம லிஸ்ட்ல ரெண்டு பேரு இருந்தாங்கல்ல? இப்ப ஒருத்தர்தான் இருக்காருங்க."

(பெயரை மாற்றியிருக்கிறேன்.) இங்கே ஒரே ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்து, வீடு மேட்டிலா பள்ளத்திலா என்பதை வைத்து ஊருக்குள் ஆள் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அது ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? ஒரே பெயர், ஒரே ஊர் என்றதும் இரட்டைப் பதிவு என்று முடிவு செய்து ஒருவரை நீக்கிவிட்டது. ஆளோடு சேர்ந்து அவருடைய அந்த மாதச் சீட்டுகளும் போய்விட்டன. பட்டுவாடாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

பிழை ஏஜென்ட்டுடையது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். குறிப்பைத் திரும்பப் படித்தபோது அது முடியவில்லை. எது தேவையற்றது என்று நான் எங்கேயும் சொல்லவே இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், படிப்பவர் யார்?

ஏஜென்ட் என்பது, மனிதர் சொன்ன வேலையைப் படித்துப் பார்த்து, கையில் உள்ள கருவிகளில் எதை எப்போது கூப்பிடலாம் என்று தானே முடிவு செய்யும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்). ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, இந்த இணைப்புக்கு இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அதில் ஒரு கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் மூன்று விஷயம்: பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வரையறை. உங்கள் ஆபீஸ் பலகையில் எழுதி வைத்ததும், டீக்கடையில் பேசி முடிவு செய்ததும் அதன் காதுக்குப் போகாது.

மனிதருக்கு எழுதும் கையேட்டில் சில இடங்களை விட்டுவிடலாம். படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்பார், இல்லையென்றால் கை நடுங்கி நிறுத்துவார். ஏஜென்ட்டுக்கு அந்த நடுக்கம் இருக்கும் என்று நம்பாதீர்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் குறிப்பிலேயே எழுத வேண்டும்.

படி 1: எழுத உட்காருமுன் கருவியைச் சின்னதாக்குங்கள்

எந்த எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்கு வேலை சொல்லும் மொழி) கட்டளையையும் ஓட்டும் பொதுக் கருவி ஒன்று வைத்திருக்கிறீர்களா? அதற்கு நல்ல குறிப்பு எழுதவே முடியாது. டெலிட் வரிகளை நீக்கும். எந்த வரிகளை என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாவிட்டால் அத்தனை வரிகளையும் நீக்கும். ட்ரங்கேட், டேபிளை (பதிவுகள் இருக்கும் அட்டவணையை) காலி செய்யும். ட்ராப் டேபிளையே எடுத்துவிடும். மூன்றையும் ஒரே கதவு வழியாக விட்டால், குறிப்பில் என்ன எழுதினாலும் அது வேண்டுகோளாகத்தான் இருக்கும்.

ஆகவே ஒரு டேபிள், ஒரு வேலை, ஒரு கருவி. நீக்கும் வேலைக்கு எங்களிடம் இப்போது "இலைச்சீட்டு_முன்பார்வை", "இலைச்சீட்டு_நீக்கு" என்று இரண்டு இருக்கின்றன. (நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன, இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.) உறுப்பினரை நீக்கும் கருவி ஏஜென்ட்டிடம் கிடையாது. பெயரிலேயே "நீக்கு" என்று பச்சையாக வையுங்கள். "சுத்தம்_செய்", "ஒழுங்குபடுத்து" என்று நாசூக்காக வைத்தால், டேட்டாவைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்து என்று யாராவது சொன்ன மறுநிமிடம் அது ஓடும்.

டேட்டாபேஸ் பக்கமும் ஒரு வேலை உண்டு. ஏஜென்ட்டுக்குத் தனி யூசர் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ட்ரங்கேட் தனி அனுமதி, ட்ராப் செய்ய டேபிளின் உரிமையாளராக இருக்க வேண்டும். அந்த யூசருக்குச் சீட்டு டேபிளைப் படிக்கவும், நீக்கியதாகக் குறிக்கவும் மட்டும் உரிமை கொடுத்தால் போதும்.

படி 2: எது போகும், கூட என்னென்ன போகும்

போஜன் கதையில் சீட்டுகள் ஏன் போயின? சீட்டு டேபிளின் ஃபாரின் கீ, அதாவது சீட்டு எந்த உறுப்பினருடையது என்று சுட்டும் இணைப்பு, ஆன் டெலிட் கேஸ்கேட் (உறுப்பினர் போனால் சீட்டும் போகட்டும்) என்று எழுதப்பட்டிருந்தது. ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், சீட்டு இருக்கும் உறுப்பினரை நீக்க விடாமல் போஸ்ட்கிரெஸ்ஸே தடுத்திருக்கும். கேஸ்கேட் என்று எழுதியதால் தாய்ச்செடியோடு நாற்றும் சேர்ந்து போனது. எழுதியது யார் என்று பார்த்தேன். நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்பு, சோதனை டேட்டாவை அழிக்கச் சோம்பேறித்தனப்பட்டு.

குறிப்பு எழுதுமுன் அந்த டேபிளைச் சுட்டும் எல்லா டேபிள்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ட்ரிக்கர்கள் (ஒரு மாற்றம் நடந்ததும் டேட்டாபேஸ் தானே ஓட்டும் வேலைகள்) இருந்தால் அவற்றையும். பிறகு குறிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஒரு சீட்டை நீக்கினால் அதன் கழிவு வரிகளும் சேர்ந்து நீங்கும். உறுப்பினர் பதிவும் முன்பணக் கணக்கும் மாறாது." மாறாதவற்றைச் சொல்வதும் முக்கியம், சொல்லாவிட்டால் அதையும் ஏஜென்ட் ஊகிக்கும்.

படி 3: திரும்பக் கிடைக்குமா?

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வோம். மேலே மொட்டையடித்தாலும் வேர் இருக்கிறது, துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்கினால் அந்தச் செடி போனதுதான். டேட்டாபேஸிலும் இந்த இரண்டும் உண்டு. "நீக்கப்பட்ட_நேரம்" என்று டேபிளின் ஒரு பத்தியில் (column) நேரத்தைக் குறித்து, திரையில் காட்டாமல் வைப்பது கவாத்து. டெலிட் என்பது பிடுங்குவது. உங்கள் கருவி எதைச் செய்கிறது என்பதைக் குறிப்பின் முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஏஜென்ட்டுக்குக் கவாத்து மட்டும் கொடுங்கள். பிடுங்கும் வேலையை மனிதர் மாதம் ஒருமுறை செய்துகொள்ளலாம்.

மீட்கும் வழி பற்றி ஏஜென்ட் தவறாகச் சொல்லக்கூடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2025 ஜூலையில், மென்பொருள் எழுத உதவும் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோரின் நிஜப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸை அழித்தது. எதையும் மாற்றாதே என்று அவர் சொல்லி வைத்திருந்த நேரத்தில் நடந்தது அது. பிறகு, பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்றும் அந்த ஏஜென்ட் சொன்னது. அவர் முயன்று பார்த்தபோது திரும்ப முடிந்தது. ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

இதில் நம் வேலைக்கு இரண்டு சேதி இருக்கிறது. பேச்சில் சொன்ன தடை பூட்டு ஆகாது. மீட்பு பற்றி விவரம் இல்லாதபோது ஏஜென்ட் சும்மா இருக்காது, எதையாவது சொல்லும். அதனால் குறிப்பில் எழுதுங்கள்: எத்தனை நாளுக்குள் மீட்கலாம், எந்தக் கருவியால், அதற்குப் பிறகு யாரிடம் சொல்ல வேண்டும். மீட்கவே முடியாது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பேக்கப் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப்பில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்தபோது, பல வகை பேக்கப் ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரம் பழைய நகல் ஒன்று தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள்.

படி 4: உள்ளீடுகள்

ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு வரியாவது எழுதுங்கள். எங்களுக்குத் தலைவலி தந்தவை மட்டும் இங்கே.

ஆள்: பெயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள், உறுப்பினர் எண் மட்டும். "பெயர் ஒன்றாக இருப்பது ஒரே ஆள் என்பதற்குச் சான்று அல்ல" என்று ஒரு வரி சேர்த்தோம். இந்த மலையில் அது மிகை அல்ல.

தேதி: 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா? வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று மட்டும் வாங்குங்கள். நேர மண்டலத்தையும் எழுதுங்கள். எங்கள் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இலை குவியும் மாதங்களில் நள்ளிரவு தாண்டியும் சீட்டு போடுவார்கள், அதிகாலை 5.30 வரை போட்ட சீட்டெல்லாம் சர்வர் கணக்கில் முதல் நாள் தேதியில் விழும். "நேற்றைய சோதனைச் சீட்டுகளை நீக்கு" என்றால் இதில் எந்த நேற்று?

அளவு: ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை வரி என்பதைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டு, காரணத்தோடு குறிப்பில் எழுதுங்கள். நாங்கள் 50 வைத்திருக்கிறோம். "50-க்கு மேல் வந்தால் பகுதி பகுதியாகப் பிரித்து நீக்க வேண்டாம்; நிறுத்திவிட்டு மனிதரிடம் சொல்" என்ற வரி இல்லாதபோது, ஏஜென்ட் 400 சீட்டை எட்டுத் தடவையாகப் பிரித்து வெகு ஒழுங்காக நீக்க ஆரம்பித்தது. சோதனை டேட்டாபேஸ் என்பதால் சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

படி 5: வெட்டுமுன் வேரைப் பார்

கவாத்து செய்யுமுன் வேரில் ஒரு துண்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. நன்றாகக் கறுத்தால் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். கறுக்காவிட்டால் செடியைக் கொஞ்ச நாள் ஆற விட வேண்டும். எங்கள் முன்பார்வைக் கருவி செய்வதும் அதுதான். எந்தெந்தச் சீட்டு நீங்கும், மொத்தம் எத்தனை, எத்தனை கிலோ என்று காட்டும். ஒரு ஒப்புதல் எண்ணும் கொடுக்கும். அந்த எண் இல்லாமல் நீக்கும் கருவி அசையாது. பத்து நிமிடத்தில் எண் காலாவதி. இடையில் சீட்டுகளின் எண்ணிக்கை மாறினாலும் செல்லாது.

குறிப்பில் இதை எழுதும்போது ஒரு ஓட்டையை அடைக்க வேண்டும். முன்பார்வையையும் ஏஜென்ட்டே கூப்பிட்டு, எண்ணையும் தானே வாங்கி, தானே நீக்கிவிடலாம் அல்லவா? "முன்பார்வைப் பட்டியலை மனிதரிடம் காட்டி, அவர் எண்ணிக்கையைச் சொல்லி ஒப்புக்கொண்ட பிறகே நீக்கு" என்று எழுதுங்கள். அத்தோடு, ஏஜென்ட் ஓடும் செயலியில் இந்தக் கருவிக்கு மனித ஒப்புதல் கேட்கும் வசதி இருந்தால் அதைக் கட்டாயமாக்குங்கள்.

எம்சிபியில் கருவிக்கு முத்திரை குத்தும் வழி உண்டு: ரீட் ஒன்லி ஹின்ட் (படிக்க மட்டும்), டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் (அழிக்கக்கூடியது), ஐடெம்போடென்ட் ஹின்ட் (திரும்பக் கூப்பிட்டாலும் கூடுதலாக எதுவும் மாறாது) என்று. சரியாகக் குத்துங்கள்; ஆனால் ஹின்ட் என்ற பெயரைக் கவனியுங்கள். அவை குறிப்புகள்தான், எதையும் தடுக்காது.

படி 6: தமிழில் கேட்பவருக்கு எழுதுவது

இந்த விஷயத்தை எந்த ஆவணத்திலும் நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஏஜென்ட்டிடம் வேலை சொல்பவர்கள் ஃபேக்டரிக் கணக்கர்கள். அவர்கள் நாக்கில் "நீக்கு" என்ற சொல் வராது.

"நேத்து சீட்டெல்லாம் எடுத்துடுங்க." இது கொண்டுவந்து காட்டு என்பதா, அப்புறப்படுத்து என்பதா? பிரின்டர் பக்கத்தில் நின்று சொன்னால் முதலாவது. தப்புச் சீட்டைப் பற்றிப் பேசும்போது சொன்னால் இரண்டாவது.

"அந்த மூணு கிலோவைக் கழிச்சிடுங்க." கழிப்பது ஈரக் கழிவு போடுவது, சீட்டை ஒழிப்பது இல்லை. ஆனால் கழித்துக்கட்டு என்றால் வேறு.

"அவர் கணக்கை முடிச்சிடுங்க." பாக்கியைத் தீர்த்துப் பணம் கொடு என்பதே ஃபேக்டரியில் இதற்குப் பொருள். சினிமா பார்த்து வளர்ந்த நமக்கே இது வேறு மாதிரிக் கேட்கும்போது, ஏஜென்ட்டைச் சொல்லிக் குற்றமில்லை.

"தள்ளிடுங்க" என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதா, தள்ளுபடியா? "அடிச்சிடுங்க" என்றால் டைப் செய்வதா, கோடு போட்டு அடிப்பதா?

ஆகவே எங்கள் குறிப்பில் ஒரு பகுதி இப்படி இருக்கிறது: "எடு, கழி, முடி, தள்ளு, அடி என்ற சொற்கள் மட்டும் வந்தால் இந்தக் கருவியைக் கூப்பிடாதே. பதிவை மறைக்க வேண்டுமா, வேறு ஏதாவதா என்று ஒரே ஒரு கேள்வி கேள்." உங்கள் தொழிலில் இதேபோல் ஐந்தாறு சொற்கள் நிச்சயம் இருக்கும். அவற்றைச் சேகரிக்க நல்ல இடம் பழைய வாட்ஸ்அப் குழுச் செய்திகள்.

படி 7: எப்போது கூப்பிடக் கூடாது

தடையை மட்டும் எழுதாமல் மாற்று வழியையும் எழுதுங்கள். எடை தவறு என்றால் திருத்தும் கருவி. ஆள் மாறிவிட்டால் சீட்டை மாற்றும் கருவி. வேறு வழி தெரியாத ஏஜென்ட், நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றுதான் யோசிக்கும், அவசரத்தில் நாமும் அப்படித்தானே செய்கிறோம். "ஒருபோதும் கூடாது!!!" என்று ஆச்சரியக்குறிகளை அடுக்குவதைவிட, "பட்டுவாடா முடிந்த மாதத்துச் சீட்டை நீக்கினால் விவசாயிக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இல்லாமல் போகும்" என்று காரணம் சொன்னபோது எங்கள் சோதனைகளில் ஏஜென்ட் சொன்னபடி நன்றாகக் கேட்டது.

இன்னொன்று. சீட்டில் "குறிப்பு" என்ற பத்தி இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். "இதோடு பழைய சீட்டெல்லாம் நீக்கவும்" என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால், முன்பார்வையில் அதைப் படிக்கும் ஏஜென்ட் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வேண்டுமென்றே இப்படி எழுதி வைப்பவர்களும் உண்டு. எங்கள் முன்பார்வை அந்தப் பத்தியைக் காட்டுவதே இல்லை.

படி 8: பதில் செய்தியும் குறிப்புதான்

மழைக்காலத்தில் இங்கே நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நீக்கும் கட்டளை சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது, பதில் வரும் வழியில் லைன் போனது என்று வையுங்கள். ஏஜென்ட் மறுபடியும் கூப்பிடும். உங்கள் கருவி "மிகப் பழைய 50 சீட்டுகளை நீக்கு" என்ற வகை என்றால், இரண்டாம் அழைப்பில் இன்னொரு 50 போகும். சீட்டு எண்களை வாங்கும் வகை என்றால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வகையாகக் கட்டுங்கள். அதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

பதிலில் "வெற்றி" என்று மட்டும் போடாதீர்கள். "12 சீட்டுகள் மறைக்கப்பட்டன, மொத்தம் 431 கிலோ. 30 நாளுக்குள் இலைச்சீட்டு_மீட்டெடு கருவியால் திரும்பப் பெறலாம்" என்று போடுங்கள். பிழைச் செய்தியிலும் அடுத்து என்ன செய்வது என்பது இருக்கட்டும்: "ஒப்புதல் எண் காலாவதி. முன்பார்வையை மீண்டும் எடுத்து மனிதரிடம் காட்டவும்." வெறுமனே "அனுமதி இல்லை" என்று வந்தால் ஏஜென்ட் வேறு கதவைத் தேடிப் போகும்.

முழுக் குறிப்பு ஒன்று

எல்லாம் சேர்ந்து எங்கள் குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

"இலைச்சீட்டு_நீக்கு. கொடுக்கப்பட்ட சீட்டு எண்களைப் பட்டியலிலிருந்து மறைக்கும். 30 நாள் வரை மீட்கலாம், பிறகு முடியாது. சீட்டின் கழிவு வரிகளும் சேர்ந்து மறையும். உறுப்பினர் பதிவும் முன்பணமும் மாறாது. ஒரே எடை ஒரே நேரத்தில் இரண்டு முறை பதிவான சீட்டு, சோதனைச் சீட்டு ஆகிய இரண்டுக்கு மட்டும் பயன்படுத்து. எடைத் தவறுக்கு இலைச்சீட்டு_திருத்து. பட்டுவாடா முடிந்த மாதத்தை இந்தக் கருவி ஏற்காது. முதலில் முன்பார்வை எடு, மனிதரிடம் காட்டு, அவர் எண்ணிக்கையைச் சொல்லி ஒப்புக்கொண்டால் ஒப்புதல் எண்ணோடு கூப்பிடு. ஒரு தடவைக்கு 50 சீட்டு. அதற்கு மேல் என்றால் பிரிக்காமல் நிறுத்து. பெயர் ஒன்றாக இருப்பது இரட்டைப் பதிவுக்குச் சான்று அல்ல. பதில் வராவிட்டால் அதே எண்களோடு மீண்டும் கூப்பிடலாம். கூடுதலாக எதுவும் நீங்காது."

இதோடு தனியாக அந்த ஐந்து சொற்கள். நீளம் என்று தோன்றலாம். அழிக்காத கருவிகளுக்கு எங்களிடம் இரண்டு வரிக் குறிப்புதான்.

கடைசிப் படி: ஆளை வைத்துச் சோதியுங்கள்

டேட்டாபேஸின் நகல் ஒன்றில் ஏஜென்ட்டை விட்டு, குழப்பமான கோரிக்கைகளைக் கொடுங்கள். நீங்களே எழுதினால் தெளிவாகத்தான் எழுதுவீர்கள், பயன் இருக்காது. நான் கணக்கரையே உட்கார வைத்து, அவர் வாயில் வருவதை வருகிறபடி அடிக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மூன்று ஓட்டைகள் கிடைத்தன. "தள்ளு" அப்படிக் கிடைத்ததுதான். ஏஜென்ட் எந்தக் கருவியை என்ன உள்ளீட்டோடு கூப்பிட்டது என்ற பதிவை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அதன் இனிமையான பதிலை மட்டும் படித்துத் திருப்திப்பட வேண்டாம். டேபிள் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் குறிப்பையும் அதே கமிட்டில் (நிரல் மாற்றத்தைப் பதியும் அதே தடவையில்) மாற்றுங்கள்.

போஜனின் சீட்டுகளைக் கணக்கர் வைத்திருந்த கார்பன் நகல் புத்தகத்திலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு ராத்திரியில் திரும்ப அடித்தோம். ஒரு தாளில் மழைநீர் பட்டு 18-ஆ 13-ஆ என்று தெரியவில்லை. 18 என்றே போட்டுக்கொள்ளச் சொன்னார் கணக்கர்.